கேமரா ஒயரைக் கழட்டியவள்

"ஏனுங்க, என் கேமரா ஒயரைக் கழட்டுனது யாருங்க?"

வாசலில் நின்று கலா போட்ட சத்தத்தில், அவளுடைய கரடியூர் ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த மூன்று ரூம்காரர்களும் இட்லித் தட்டோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"நான்தாங்கக்கா," என்றாள் கடைசி ரூம் தீபிகா.

இவளாகத்தான் இருக்கும் என்று கலா அப்போதே நினைத்தாள்.

காலையில் காபி கொண்டுபோனபோதே மனசுக்குள் என்னவோ உறுத்தியது. தனியாக வந்த பெண். ஏற்காட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் ஏரிப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை. எந்நேரமும் லேப்டாப்பே கதி. இன்றைக்கு அந்த லேப்டாப் திரையில் இருந்தது, கலா வீட்டுக் கேமரா பெட்டியின் போட்டோ!

"என்ன கண்ணு பண்ற?"

"என் வேலையே இதுதாங்கக்கா. சாஃப்ட்வேர்ல எங்க ஓட்டை இருக்குன்னு தேடறது. இதுல ஒரு ஏஐ ஆட்-ஆன் போட்டிருக்கேன். மாடல் நம்பரைக் குடுத்தா, எந்த வழியா உள்ள நுழைய முடியும்னு தேடி எடுத்துக் குடுத்துடும். இருங்கக்கா, உங்க பெட்டியைப் பத்தித்தான் கேட்டிருக்கேன்…"

கலா இருக்கவில்லை. நுழையறதுக்கு வழி தேடறதெல்லாம் ஒரு வேலையா!

ஒண்டிக்கடை ஜங்ஷனுக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் கேமரா செத்துவிட்டது. போனில் பார்த்தால் வெறும் கறுப்பு.

'பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் பயமில்லாமத் தங்கலாம்' என்று நாலு பேர் சொல்லிச் சொல்லித்தான் கலாவின் மூன்று ரூமும் நிறைகிறது. அந்தப் பேர் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"எதுக்குக் கழட்டுன?"

"ஒரு நிமிஷம் உள்ள வாங்கக்கா. தனியாச் சொல்றேன்."

"தனியா என்ன ரகசியம்? இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

தீபிகா சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் ரிட்டயர் ஆன வாத்தியாரும் அவர் மனைவியும். இன்னொரு பக்கம் இரண்டு பெண் குழந்தைகளோடு சேலத்து ஹேமலதா. தீபிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார்ஜர் போட பிளக் கிடைக்கலீங்க. தப்புதாங்க."

"ரூமுக்கு நாலு பிளக் வெச்சிருக்கேன்!"

"யாரோ வந்து போறது கேமராவுல தெரியக் கூடாதுன்னு இருக்கும்," என்றாள் ஹேமலதா, இட்லியைப் பிட்டுக்கொண்டே. "பொம்பளப் பிள்ளைகளை வெச்சிருக்கோம், பாத்துக்குங்க கலாம்மா."

கலாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"பையைக் கட்டு. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிடு. எனக்கு என் ஊட்டுப் பேரு முக்கியம்."

பையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போன தீபிகா, திரும்பி நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்த ஒயரை மட்டும் இப்ப மாட்டாதீங்கக்கா."

"திமிரப் பாரு!" என்று சொல்லிவிட்டு ஹேமலதா கை கழுவப் போனாள்.

கலா வீம்புக்கென்றே ஒயரைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் பாய்ந்து வந்து நின்றது.

"அக்கா, மாட்டாதீங்க!"

ஒண்டிக்கடை சக்திவேல். இந்தப் பெட்டியை மாட்டிக் கொடுத்தவனே அவன்தான்.

"நீயுமா?"

"கழட்டச் சொன்னதே நாந்தாங்க்கா. பெட்டி மேல ஒட்டியிருக்கற என் போன் நம்பரைப் பாத்து அந்தப் பொண்ணு காலையில போன் பண்ணுச்சு. உங்களுக்கும் அடிச்சேன், டவர் கிடைக்கல. உள்ள இருக்கற சாஃப்ட்வேர் பழசுங்க. பாஸ்வேர்டே இல்லாம, எந்த ஊர்ல இருக்கறவன் வேணா உங்க வாசலை உக்காந்து பாக்கலாம்."

கலாவின் கண், ஹேமலதாவின் பிள்ளைகள் ஷட்டில் ஆடிவிட்டுப் போட்டிருந்த மட்டைகள் மேல் போய் நின்றது.

"புது சாஃப்ட்வேர் வந்து மூணு மாசமாச்சு. நான் கவனிக்கல, தப்பு என்னோடது," என்றான் சக்திவேல். "பக்கத்து ஊர் வெள்ளக்கடையில நாலு ஊட்டுல இதே பெட்டிதான். அதையும் அந்தப் பொண்ணுதான் ஞாபகமாக் கேட்டு, கழட்டச் சொல்லுச்சு. நொம்ப நல்ல பிள்ளைங்க. எங்கீங்க்கா அது? ஒரு கும்பிடு போட்டுக்கறேன்."

கலா விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"பெட்டி அப்புறம். வண்டியை எடு."

நல்ல வேளை, பஸ் இன்னும் வரவில்லை. ஸ்டாப்பில் தீபிகா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கலா போன வேகத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கண்ணு, அத்தனை பேர் முன்னாடி திட்டுனனே. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா உங்க ஊடே காலியாயிருக்குங்கக்கா. எங்க வேலையில, ஓட்டையை அடைக்கற வரைக்கும் ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டோம். சரி பண்ணினதுக்கப்புறம் நீங்களே அவங்ககிட்ட நிதானமாச் சொல்லிக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"இப்பவே சொல்லிட்டுத்தான் வந்தேன், சாமி. மத்த ரெண்டு ரூமையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

தீபிகா பதறி எழுந்தாள். "ஐயையோ! எத்தனை பேருங்கக்கா கிளம்பிட்டாங்க?"

"ஒருத்தங்கதான். அதோ."

வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. ஹேமலதா இறங்கி வந்து, தீபிகாவின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"ஏறு கண்ணு. நீ இருந்தாத்தான் என் பிள்ளைகளை அந்த வாசல்ல விளையாட விடுவேன்."