கூரைத் திரை

“கிழிச்சிடுங்க.”

மெக்கானிக்கின் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது. “என்னம்மா சொல்றீங்க? துணியையா?”

“துணியைத்தான். நாலு மணிக்கு இது திறந்திருக்கணும். எப்படித் திறந்தா என்ன?”

கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட கார். அதற்குக் கீழே வெயிலுக்கு மறைப்பாக ஒரு துணித் திரை. பட்டனைத் தட்டினால் மூடும், திறக்கும். இன்றைக்கு மூடிய திரை மூடியபடியே சிக்கிக்கொண்டது.

‘ஒரு நாள் வானம் பார்க்கலைன்னா குடியா முழுகிடும்?’ என்று முனகிக்கொண்டே மெக்கானிக் பின்கதவைத் திறந்தார். திறந்தவர் ஒரு அடி பின்வாங்கினார்.

இருக்கைகளை மடக்கி மெத்தை விரித்திருந்தது. அதில் ஒரு பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார்.

“ஐயாவை இறக்கிடலாமா?”

“இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. அசைக்கக் கூடாது. அவரை வச்சுக்கிட்டே பாருங்க.”

நகர முடியாத மனுஷனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் ஊர் சுற்றலா? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தார் மெக்கானிக். அவருடைய முழங்கை, பெரியவரின் மூக்குக்கு நேர் மேலே.

“தம்பி, ஏசியைக் குறைக்கச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.”

அந்தப் பொண்ணு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் நின்றாள்.

“குறைச்சா வேர்க்கும்னு சொல்லுங்க” என்றாள் அவளும், மெக்கானிக்கைப் பார்த்து.

“வேர்த்தா துடைச்சுக்கறேன்னு சொல்லு.”

மெக்கானிக் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பெத்த அப்பனோடு பேசக்கூட ஆள் வைக்கணுமா? நல்லா வளர்த்தாங்கய்யா பிள்ளையை!

கூரை விளக்கைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தார். திரையின் ஒரு ஓரம் தடத்தை விட்டு வெளியே வந்து, மடங்கி, கசங்கிக் கிடந்தது.

“ஏன் ஐயா, வானம் பார்க்கவா இவ்வளவு அவசரம்?”

“வானத்தை யார் பார்த்தா? என் சம்சாரத்தைப் பார்க்கணும்.”

மெக்கானிக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில மூணாவது மாடி. தொத்து வார்டு. யாரையும் உள்ள விட மாட்டாங்க. விட்டாலும் நான் எங்க ஏறிப் போறது? நாலு மணிக்கு அவளை ஜன்னலுக்குக் கூட்டிட்டு வருவாங்க. நேர் கீழே இந்த வண்டி நிக்கும். அவ குனிஞ்சு பார்ப்பா, நான் படுத்த மேனிக்குப் பார்ப்பேன். நாளைக்குக் காலையில அவளுக்கு ஆபரேஷன்.”

“போன்ல பார்க்கலாமே?”

“போன்ல எதை வேணும்னாலும் காட்டலாம் தம்பி. பழசைக் காட்டி என்னை ஏமாத்திட்டா?”

மெக்கானிக் திரையின் மோட்டாரைத் தளர்த்தினார். மடங்கிய ஓரத்தை நகத்தால் நீவி நீவித் தடத்துக்குள் விட்டார். குறுக்குச் சட்டத்தைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு சர்ரென்று முழுவதும்.

பெரியவரின் முகத்தில் வெளிச்சம் கொட்டியது.

“திறந்துடுச்சும்மா. ஆனா துணியைச் சுருட்டுற ஸ்பிரிங் செத்துப்போச்சு. கையை விட்டா துணி அவர் முகத்துல தொங்கும்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“வண்டியை எடுங்க” என்றார் மெக்கானிக். “நான் பிடிச்சுக்கிட்டு வர்றேன். கடை எங்கேயும் ஓடிப்போகாது.”

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வண்டியை நிறுத்தினாள்.

“இன்னும் கொஞ்சம் பின்னாடின்னு சொல்லு.”

“பின்னாடி தூண் இருக்குன்னு சொல்லுங்க.” சொல்லிக்கொண்டே தூணில் உரசாமல் மயிரிழையில் பின்னுக்கு எடுத்தாள்.

மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு முகம் வந்தது. பாதி முகக்கவசம், மீதி கண்கள்.

அந்தம்மாள் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். சாப்பிட்டாச்சா?

பெரியவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அந்தம்மாள் தன் தாடையைத் தடவிக் காட்டினார். பெரியவர் சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டார். ஒரு வாரத்துத் தாடி. மேலே கண்கள் சிரித்தன. பிறகு ஒரு உள்ளங்கை கண்ணாடியில் வந்து பதிந்தது. கீழேயிருந்து ஒரு கை உயர்ந்தது. இரண்டு கைக்கும் நடுவே மூன்று மாடி.

மெக்கானிக் மூச்சுவிட மறந்து துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை கார்களுக்கு எத்தனை கண்ணாடி மாட்டியிருப்பார்! ஒரு கண்ணாடிக்குள் இரண்டு உயிர் இப்படி எதிரெதிரே வந்து நிற்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தோள்பட்டை கடுத்தது. கடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நர்ஸ் வந்து அந்தம்மாளை உள்ளே அழைத்துப் போனாள். பெரியவர் காலி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்துக்கு வராமல், பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

மெக்கானிக் திரையை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, சத்தம் போடாமல் இறங்கி, அவளிடம் போனார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. அப்பா, பொண்ணுன்னா ஆயிரம் மனஸ்தாபம் இருக்கும். இன்னிக்காவது நேரா ரெண்டு வார்த்தை பேசிடுங்க.”

“அப்பாவா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பக்கத்து வீட்டுக்காரருங்க. சுவர்த் தகராறுல என் மேல கேஸ் போட்டிருக்கார். இடுப்பு சரியானதும் விசாரணை. கோர்ட்டுக்கும் நான்தான் இவரைக் கூட்டிட்டுப் போகணும்.”