அசையாத ஐந்து பேர்

துப்பாக்கி வீடியோ கேமில் உலகக் கோப்பைக்கான கடைசிச் சுற்று. இரு அணியும் சமம். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள், காதில் ஹெட்போனோடு ஐந்து பெண்கள்.

"அக்கா, பயமா இருக்கு," என்றாள் தங்கை.

"ஸ்கிரீனை மட்டும் பாருடி," என்றாள் அணித்தலைவியான அக்கா.

தங்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். பயிற்சியாளர் வெளியே நின்று கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கோச் தட்டுறாருக்கா."

"திட்டத்தான் வந்திருப்பாரு. அதுக்குத்தான் தாழ்ப்பாள் போட்டேன்."

பார்வையாளர்களும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாம தோத்துடுவோம்னு எல்லாரும் கிளம்புறாங்கக்கா!"

"திரும்பாதே, சுடு!"

சுட்டாள். திரையில் எதிரணியின் ஐந்து பேரும் மரம் மாதிரி நின்றார்கள். ஒருவர்கூடத் திருப்பிச் சுடவில்லை.

"பயத்துல உறைஞ்சுட்டாங்கடி!" என்று அக்கா கத்தினாள்.

ஐவரும் விழுந்தார்கள். கோப்பை கைக்கு வந்துவிட்டது!

துள்ளிக்கொண்டு ஹெட்போனைக் கழற்றிக் கதவைத் திறந்தார்கள். புகை முகத்தில் அடித்தது. அபாயச் சங்கு அலறிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளரின் கை வீங்கியிருந்தது.

"அவங்க அஞ்சு பேரும் எப்பவோ வெளியே ஓடிட்டாங்க. காலி நாற்காலியையா இவ்வளவு நேரம் சுட்டீங்க? ஓடுங்கம்மா!"