அம்மன் இடித்த படகு

"கயிறு அறுந்திருந்தா காத்து மேல பழி போடலாம். முடிச்சு அவுந்திருந்தா கட்டினவன் மேல போடலாம். ரெண்டும் அப்படியே இருக்கே கங்காணி, பிறகு உங்க தெப்பம் இங்க எப்படி வந்துச்சு?" என்றாள் வீரம்மா.

நோட்டன் பிரிட்ஜில் அணை கட்டியபோது தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற இரு பிரிவுகளும் ஆளுக்கொரு கரையாகிவிட்டன. இடையில் சனங்களை ஏற்றி இறக்குவது வீரம்மாவின் படகுதான். அது ஓடினால்தான் அவள் அடுப்பு எரியும். இப்போது கீழ்க்கணக்குக் கரையில் அது விலா நொறுங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது மேல்கணக்கு மாரியம்மன் கோயில் தெப்பம். அடியில் காலித் தார்ப் பீப்பாய்கள், மேலே தகரக் கூரை, உள்ளே மாலையோடு அம்மன்.

நேற்றுத் திருவிழா. நடுத்தண்ணீரில் கயிற்றில் பெரிய கல்லைக் கட்டி இறக்கித் தெப்பத்தை நிறுத்தியிருந்தார்கள். புயல் வந்ததும் பூசாரி முதல் மேளக்காரர் வரை தோணியில் தப்பி ஓடிவிட்டார்கள். கயிற்று நுனியில் அந்தக் கல் இன்னும் இருந்தது. அத்தனை கனத்தையும் கட்டிக்கொண்டு தெப்பம் இந்தக் கரைக்கு எப்படி வந்தது? வீரம்மாவுக்கு விளங்கவேயில்லை.

பூசாரியோடு தோணியில் வந்து இறங்கியிருந்த கோயில் தலைவர் அழகுமுத்துக் கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா தானா வந்திருக்கா. சாமி செஞ்சதுக்குக் கமிட்டி எப்படிப் பொறுப்பாகும்?"

"வந்தவ என் படகையா மிதிப்பா?"

"உன் படகு குடுத்து வச்சிருக்கு."

"குடுத்து வச்ச படகு தண்ணியில மிதக்காதே. பலகை மாத்திக் குடுங்க."

"அதை ஆத்தாகிட்ட கேளு."

வீரம்மா அம்மனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கரைச் சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுட்டேன். மழைக்குப் பயந்து விட்டுட்டு ஓடுனவங்களோட இனி இருக்க மாட்டாளாம். இங்கதான் இருப்பாளாம். பேச்சியம்மா, விளக்கைக் கொண்டா. இனிமே திருவிழா நம்ம கணக்குல. பரிவட்டம் கட்டுறதும் நம்ம ஆளுக்குத்தான்."

"ஆத்தா தானா வந்தான்னு தலைவரே சொல்லிட்டாரே" என்றாள் பேச்சியம்மா. பெண்கள் குலவையிட்டார்கள்.

வருடா வருடம் பரிவட்டம் ஏறும் தலையை அழகுமுத்து ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"குலவையை நிறுத்துங்க. ஆத்தா வரல."

"பின்ன யாரு வந்தா?"

"மழையில தண்ணி ஏறினா தெப்பமும் கூடவே ஏறும். கயிறு நீளமா இருந்தா கல்லு அடியிலேயே கெடக்கும். பத்தலைன்னா, பீப்பாய் எல்லாம் சேந்து கல்லைத் தரையை விட்டுத் தூக்கிரும். அப்புறம் காத்து தள்ளுற பக்கம் போக வேண்டியதுதான்."

பூசாரி குழம்பினார். "நம்ம வாங்கினது நீளக் கயிறாச்சே, தலைவரே?"

"பாதியை வெட்டி என் மாட்டைக் கட்டியிருக்கேன்" என்றார் அழகுமுத்து. "பலகை என் செலவு."