சந்தனத்துக்கு அடியில்

கூடத்தில் காலை வெயில் விழும் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் துப்பாக்கி பழுது பார்க்கும் ஞானமணி, செவந்தியின் மாமனார் வைத்திருந்த ரைஃபிளை மடியில் கிடத்தியிருக்கிறார். போன மாதம் நடந்த பாகப்பிரிவினையில் உழவு மாட்டு ஜோடியைக் கொழுந்தன் நல்லதம்பி எடுத்துக்கொண்டு, இதைச் செவந்தியின் பங்கில் தள்ளிவிட்டான். விசைக்கு மேலே உள்ள இரும்புத் தகட்டில், ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அவள் வைத்த இருபது வருஷத்துச் சந்தனம் அடையாகக் காய்ந்திருக்கிறது. "புளி போட்டுத் தேச்சா ஒரு நிமிசத்துல போயிரும்," என்கிறான் நல்லதம்பி. "வெலையும் சேந்து போயிரும்," என்று சொல்லிக்கொண்டே ஞானமணி எண்ணெயில் நனைத்த பழந்துணியால், குழந்தையின் சிரங்கைத் தொடுவதுபோல் சந்தனத்தை ஒற்றுகிறார். ஊறியதும் மூங்கில் குச்சியால் நெம்ப, பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. முதலில் ஒரு கொம்பு தெரிகிறது, பிறகு முழு மான், அதன் காலடியில் நேற்றுச் செதுக்கியதுபோல் இங்கிலீஷ் எழுத்துகள். ஞானமணி மூச்சை இழுத்துக்கொள்கிறார். "நூறு வருசத்துப் பொருளுங்க. துருப்பிடிக்காம, செதுக்கல் தேயாம இப்பிடிக் கெடைக்காது. மூணு ஜோடி மாடு வாங்கலாம்." நல்லதம்பி தொண்டையைச் செருமுகிறான். "மதினி, வேணும்னா மாட்ட நீங்க ஓட்டிக்கிருங்க. பங்க மாத்திக்கிருவோம்." செவந்திக்குக் குரல் உயரவில்லை. "பழைய இரும்பு ஒண்ணுன்னு பத்திரத்துல எழுதச் சொன்னது நீங்கதானே தம்பி. அது ஒங்களுக்கு எதுக்கு?" எண்ணெய்க் கிண்ணத்தை ஞானமணி பக்கம் நகர்த்தி வைக்கிறாள். "திருப்பிப் போடுங்க. அங்கிட்டும் சந்தனம் வச்சிருக்கேன்."