நான்கு வரிக் குறிப்பு

வலையேற்றிய கோப்பை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கம் ஞானவேலுக்குக் கிடையாது. மலையூர்க்காரர்கள் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் குறிப்புகளை, கொடைக்கானல் நாயுடுபுரத்து அலுவலகத்தில் அமர்ந்து இணையதளத்தில் ஏற்றுவது அவர் வேலை. ஏற்றியதும் கணினியை மூடிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்.

அன்று என்ன நினைத்தாரோ, ஒன்றை இறக்கிப் பார்த்தார். ‘குழந்தை வளர்ப்பு’ என்ற பெயரோடுதான் கோப்பு வந்தது. காக்கைக் கூட்டில் குயில் முட்டைபோல, உள்ளே இருந்ததோ, மேலே கிடாப் படத்தோடு செம்மறி வளர்ப்பு.

‘முடியை நீக்கவும். காதில் துளையிடவும். எடை பார்க்கவும். விற்கவும்.’

அதை இறக்கியிருந்தவர் ஒரே ஒருவர்: பள்ளங்கி ஊர் நதியா, கைக்குழந்தைக்காரி. ஞானவேல் பதறிப்போய் அவள் எண்ணை அழுத்தினார். எடுத்தவர் அவள் மாமனார் சின்னச்சாமி. பின்னால் குழந்தை வீறிட்டது.

“ஐயா, எங்க சைட்ல இருந்து ஒரு தாள் எடுத்தீங்களே, அதுல உள்ளபடி எதுவும் செஞ்சிடாதீங்க!”

“வெள்ளனேயே ஆரம்பிச்சாச்சுங்க தம்பி. முடி எடுத்தாச்சு. காதுல ஓட்டை போட்டாச்சு. அதான் இந்தக் கத்து கத்துறான்.”

“ஐயோ! எடை?”

“தராசுல ஒக்கார வச்சுப் பாத்தாச்சு. நல்ல கனம்ங்க!”

ஞானவேலின் கண்முன் நான்காவது வரி வந்து நின்றது.

“விக்க மட்டும் வித்துராதீங்கய்யா!”

“அதெப்படிங்க விடமுடியும்? பேசி முடிச்சாச்சு. ஒரு படி தவிடுதான் வெலை. வெரசா முடிச்சாத்தான் ஊருக்குப் பஸ் கெடைக்கும்.”

“பெத்த பிள்ளையைத் தவிட்டுக்கா! ஐயா, தப்பு என்னோடது. அது ஆட்டுக்குப் போட்ட குறிப்பு. பேரை மட்டும் பாத்து மாத்தி ஏத்திட்டேன். உங்க கால்ல வேணா விழுறேன், நிறுத்துங்க!”



“ஆட்டுக்கா? பிள்ளை பொறந்தா எல்லாம் செய்றோம்னு வேண்டிக்கிட்டு, ஒரு வருசமாச் சாக்குச் சொல்லித் திரிஞ்சோம். உங்க தாளைத் தொறந்தா மொட்டை, காதுகுத்து, துலாபாரம், சாமிக்கு வித்துத் தவிட்டுக்கு வாங்குறதுன்னு ஒண்ணு விடாம வரிசையா இருந்துச்சு. மேல படத்துல முருகனோட ஆட்டுக்கிடா வாகனம் வேற நின்னுச்சு…”

“அது… செம்மறிக்கிடாங்க.”

“முருகனே கேட்டு அனுப்பிட்டாருன்னு, கன்னத்துல போட்டுக்கிட்டுப் பழனிக்கு வந்துட்டோம்ங்க!”