மூடின பெட்பேன்

பெட்பேனைத் துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அங்கம்மா பிரசவ வார்டு வராந்தாவில் மகாராணி மாதிரி நடந்தாள்.

எதிரே வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

உள்ளே இருந்தது சுறாப்புட்டு.

பின்னே என்ன செய்வாள்? மகள் நீலாவுக்குப் பிறந்த பயல் ராவும் பகலும் பசியில் கத்துகிறான். பால் போதவில்லை. காசிமேட்டில் என்றால் சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டைத் தாராளமாகத் தட்டிப் போட்டுக் கொடுப்பார்கள், பால் பொங்கிக்கொண்டு வரும். இந்த ஆஸ்பத்திரியிலோ ரொட்டிதான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக் கப்பலேறிவிட்டான், அவனுடைய ரொட்டியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான், பாவி.

முதலில் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். கேட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் முந்தானைக்குள் மறைத்தாள். சுறா வாசனை அவளுக்கு முன்னால் வார்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மூர் மார்க்கெட்டில் புத்தம்புது பெட்பேன் ஒன்று வாங்கி, உள்ளே வாழையிலை போட்டாள். சலவைக்காரர் போகும் பின்வாசல் வழியாக நுழைந்தாள். ஆஸ்பத்திரியில் வேறு எதைத் திறந்து பார்த்தாலும் பார்ப்பார்கள், இதை எவன் திறப்பான்?

டாக்டர் ரகுபதி திறப்பார்.

"நில்லும்மா. வார்டுல ரெண்டு பேருக்குச் சீதபேதி. மோஷனை நான் பார்க்கணும், துணியை எடு."

"வோணாம் நைனா, ஒரே கலீஜ்! சோறு துன்ற நேரத்துல உனுக்கு இன்னாத்துக்கு இது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் துணியை இழுத்தேவிட்டாள். ஆவி பறந்தது. பூண்டும் வெங்காயமும் சுறாவும் வராந்தா முழுக்க மணந்தன. நர்ஸ் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

அங்கம்மா பெட்பேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போச்சு, இன்றைக்கும் பயல் அரை வயிறுதான்.

டாக்டர் புட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. துணியை வாங்கி அவரே மூடினார்.

"நார்மலாத்தான் இருக்கு. கொண்டு போகட்டும்."

அடேங்கப்பா, பெரிய மனுஷன்தான்! அங்கம்மா திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் ஓடினாள்.

ஏழாம் நம்பர் கட்டிலில் ரஹீமுன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். வண்ணாரப்பேட்டைத் தொப்பி வியாபாரியின் பெண்டாட்டி. புட்டைக் கண்டதும் வாயைத் திறந்துகொண்டு, பூண்டு கம்மி என்று குறையும் சொன்னாள். திட்டிக்கொண்டே அங்கம்மா அள்ளி அள்ளி ஊட்டினாள்.

ரஹீமுன்னிசாவுக்குக் கை ஒழியவில்லை. ஒரு மாரில் அவள் பெற்ற பெண். இன்னொரு மாரில் அங்கம்மாவின் பேரன்.

பக்கத்துக் கட்டிலில், நீலா போன வெள்ளிக்கிழமை கண்ணை மூடிய கட்டிலில், வேறொருத்தி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மட்டும் அங்கம்மா திரும்பவே இல்லை.