சிட்டு ஏறிய மலை

சித்திரை வெயிலில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மலையேறுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? தாமோதரன் அப்படித்தான் ஏறினார். அவருடைய இங்கிலாந்தில் பிறந்த ரெண்டு சீட்டுக் குட்டிப் பந்தயக் கார் சிட்டுவுக்கு மேடு வந்தால் இன்ஜின் கொதிக்கும். அந்தச் சூட்டை அவர் உள்ளே வாங்கிக்கொண்டால்தான் அது ஆறும்.

சிட்டுவும் சேர்ந்து போன பழைய கார்களின் ஊர்வலத்துக்குக் கடைசியில், நின்றுபோகிற வண்டிகளை இழுத்துப் போக ஒரு இழுவை லாரி வந்தது. "கிழவி, அறுபது வயசாச்சு உனக்கு. பேசாம என் கொக்கியில தொங்கிக்கோ" என்றது.

போன வருஷம் சிட்டு கொக்கியில் போனபோதே, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வித்துடுவேன்" என்று தாமோதரன் சொல்லியிருந்தார். இப்போது அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும். ஆனாலும் ஹீட்டரை நிறுத்தாமல், "ஏறுடி என் தங்கம்" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு வேகிற மனுஷனுக்காக ஏறாமல் இருக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வளைவையும் ஏறி முடித்தது சிட்டு.

பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்து வந்த லாரியின் ரேடியேட்டர் பொங்கி ஆவி அடித்தது.

"அக்கா, அக்கா" என்றது லாரி. "உங்க ஆளைக் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லுங்களேன்."